பழைய ஜெற் விமானத்தின் விமானியறையைப் புதுக்குதல்

நூதனசாலைக்குச் செல்வோர் பழைய போர் விமானம் ஒன்றைக் காணும்போது முதலில் நோக்குவது அதன் புறத்தோற்றத்தையே. சிறகின் வளைவு, வாலிற் பொறித்த இலக்கம், படைப்பிரிவின் சின்னம் ஆகியன கண்ணைக் கவரும். பக்கத்தில் ஒரு சிற்றேணி வைக்கப்பட்டிருப்பின் சிலர் அதிலேறி, விமானி அமரும் அறைக்குள் எட்டிப் பார்ப்பர். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "எத்தனை கடிகாரங்கள்!" என்று வியந்தவாறே இறங்குவர். அவர்கள் கடிகாரம் என்று கருதியவற்றுள் உண்மையிற் கடிகாரமாயுள்ளது பெரும்பாலும் ஒன்றேயாம். பல விமானங்களில் அந்த ஒன்றுதான் காணாமற் போயிருக்கும். அஃது எங்கே போயிற்று, அதனிடத்தில் இன்னொன்றை வைப்பது முறையாகுமா என்னும் கேள்விகள் சிறியனவாகத் தோன்றலாம். ஆயினும் பழைய விமானங்களைப் பேணுவோர் ஆண்டுக்கணக்காக வாதிடுவது இத்தகைய சிறு கேள்விகளைப் பற்றியே.

விமானத்தின் புறம் அடிக்கடி மாறுவது. சேவையில் இருந்த காலத்திலேயே பலமுறை வர்ணம் பூசப்பட்டிருக்கும். ஓய்வு பெற்றபின் யாரோ ஒருவர் தமக்குப் பிடித்த படைப்பிரிவின் சின்னத்தை எழுதியிருப்பார். அகம் அவ்வாறன்று. ஒரு மனிதனின் கையும் காலும் கண்ணும் எங்கெங்கே சென்றன என்பதை அச்சிறிய அறை தன்னுள்ளே பதித்து வைத்திருக்கும். காற்பலகையில் தேய்ந்த இடம், எரிபொருளைக் கட்டுப்படுத்தும் நெம்புகோலின் பிடியில் வர்ணம் போன இடம், ஓர் ஆளியின் பக்கத்தில் பென்சிலாற் கீறிய சிறு குறி ஆகிய யாவும் சாட்சியங்களாம். புதுக்குவோர் அவசரப்பட்டுச் சுரண்டித் துடைத்தால் இச்சாட்சியங்கள் ஒரு பிற்பகலில் அழிந்துவிடும். பின்னர் எவராலும் அவற்றை மீட்க இயலாது.

ஓர் எடுத்துக்காட்டை முன்வைத்து நோக்கினால் இவ்விடயம் தெளிவாகும். இங்கிலாந்தின் டி ஹவிலண்ட் நிறுவனத்தார் அமைத்த வம்பயர் என்னும் ஜெற் போர் விமானம் 1943ஆம் ஆண்டு செப்ரெம்பர் 20ஆந் திகதி முதன்முறையாக வானிற் பறந்தது. விமானிகளைப் பயிற்றுவதற்கென அதிலிருந்து தோன்றிய இருவர் அமரும் வகைக்கு ரி.11 என்று பெயர். அதன் முதல் மாதிரி 1950ஆம் ஆண்டு நவம்பர் 15ஆந் திகதி பறந்தது. பின்னர் பிரித்தானிய அரச விமானப்படைக்கென 500க்கும் மேற்பட்ட ரி.11 விமானங்கள் கட்டப்பட்டன. 1950களில் ஜெற் விமானியாகத் தேறிய பிரித்தானிய இளைஞர் மிகப் பலர் இதன் இடப்பக்க ஆசனத்தில் அமர்ந்தே அக்கலையைக் கற்றனர். வலப்பக்கத்தில், தோளோடு தோள் உரச, ஆசிரியர் அமர்ந்திருப்பார். இவ்விமானம் பெருந்தொகையாகக் கட்டப்பட்டமையாலும், 1960களில் சேவையிலிருந்து நீங்கியபின் தொழிற்பயிற்சிப் பாடசாலைகளுக்கும் படைமுகாம் வாயில்களுக்கும் வழங்கப்பட்டமையாலும், இன்றும் பல எஞ்சியுள்ளன. இலண்டனுக்கு வடக்கே இலண்டன் கோல்னி என்னும் ஊரில், சோல்ஸ்பரி மண்டபத்தின் வளவிலுள்ள டி ஹவிலண்ட் நூதனசாலையிலும் வம்பயர் விமானங்கள் பேணப்படுகின்றன.

வம்பயர் ஜெற் விமானமாயினும் அதன் விமானியறையைத் தாங்கும் கூடு மரத்தாலாயது என்பது பலர் அறியாத செய்தி. மெல்லிய ஒட்டுப்பலகைகள் இரண்டுக்கு நடுவே, பாரமற்ற பல்சா மரத்தை வைத்துப் பசையால் ஒட்டி, அக்கூட்டை அமைத்தனர். அதே நிறுவனம் இரண்டாவது உலகப் போரிற் கட்டிய மொஸ்கிற்றோ விமானத்தின் முறை இது. ஆதலின் வம்பயரின் அறையைப் புதுக்க முன்வருபவர் முதலிற் பார்க்க வேண்டியது மானிகளையன்று. தளத்தின் அடியிலுள்ள மரத்தையே. பல ஆண்டு மழையில் நின்ற விமானத்தின் கவிகை ஓரங்களால் நீர் உட்புகுந்திருக்கும். பசை விட்டு, பலகை உப்பி, மரம் பஞ்சுபோலாகியிருக்கும். மானிப்பலகை எத்துணை அழகாகத் திருத்தப்பட்டாலும், அதனைத் தாங்கும் சட்டம் உக்கியிருந்தால் யாது பயன்? இவ்வாறான விமானத்துக்குத் தச்சரே முதல் வைத்தியர்.

அறையிலிருந்த பொருள்கள் எவ்வாறு மறைகின்றன என்பதையும் அறிதல் வேண்டும். திருட்டு மட்டும் இதற்குக் காரணமன்று. விமானம் சேவையிலிருந்து நீங்கும்போது, மீண்டும் பயன்படத்தக்க கருவிகளைப் படையினரே முறைப்படி கழற்றிக் களஞ்சியத்துக்கு அனுப்புவர். வானொலிப் பெட்டி, குறிபார்க்கும் கருவி முதலியன அவ்வாறு சென்றவை. அதன் பின்னரே நினைவுப்பொருள் சேகரிப்போர் வருவர். அவர்களின் கை முதலிற் செல்வது கடிகாரத்துக்கும், கட்டுப்பாட்டுத் தண்டின் தலைப்பிடிக்குமாம். கடைசியிற் பழைய உலோகம் வாங்குவோர் வருவர். பிரித்தானியாவில் முழு விமானத்தையும் காப்பாற்ற வசதியற்ற தனிப்பட்ட ஆர்வலர் பலர் மூக்குப் பகுதியை மட்டும் விலைக்கு வாங்கி, வீட்டுக் கராச்சில் வைத்து, வார இறுதிகளிற் புதுக்கி வருகின்றனர். நொட்டிங்ஹாம்சயரிலுள்ள நியூவாக் விமான நூதனசாலையில் இத்தகையோர் தத்தம் மூக்குப் பகுதிகளை இழுத்துக்கொண்டு வந்து கூடும் விழாவும் நடைபெறுவதுண்டு. இதனைச் சிலர் விளையாட்டாகக் கருதக்கூடும். ஆயினும் நூதனசாலைகள் கைவிட்ட பல வகைகளின் விமானியறைகள் இவர்களாலேயே பிழைத்துள்ளன.

அறை வெறுமையாகக் கிடக்கிறது. அதனை நிரப்ப வேண்டும். இங்கேதான் முதன்மையான கேள்வி எழுகின்றது. எந்த நாளின் அறையாக அதனை மீட்பது?

வம்பயர் ரி.11ஐயே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் வெளிவந்த விமானங்களில், ஆபத்து வேளையில் விமானியை வெளியே எறியும் ஆசனம் இருக்கவில்லை. கவிகையைத் திறந்து, பரசூட்டுடன் தாமே குதித்தல் வேண்டும். பின்னர் வந்தவற்றில் மாட்டின்-பேக்கர் நிறுவனத்தின் வெளியேற்றும் ஆசனங்கள் பொருத்தப்பட்டன. கவிகையின் அமைப்பும் அதற்கேற்ப மாறியது. இவ்வாறு ஒரே பெயர் கொண்ட விமானத்துக்கு இருவேறு அறைகள் உள. அவையிரண்டும் உண்மையானவையே. ஆனால் முந்திய கவிகையையும் பிந்திய ஆசனத்தையும் ஒருங்கே கொண்ட அறை எந்த நாளிலும் இருந்ததில்லை. தனித்தனியே ஒவ்வொரு பொருளும் அசலாக இருந்தும் முழு அறை பொய்யாகிவிடுவது இவ்வாறுதான். பழைய ஏடுகளைப் பதிப்பித்த நம் புலவர்கள் ஒரு பிரதியின் முற்பாதியையும் இன்னொரு பிரதியின் பிற்பாதியையும் சொல்லாமற் கொள்ளாமல் இணைத்துவிடுவதைப் பெருங்குற்றமாகக் கருதினர். பாடபேதம் இருப்பின் அதனைக் குறிப்பிட்டனர். ஏடு சிதைந்த இடத்தில் புள்ளியிட்டனர். விமானியறைக்கும் இம்முறையே பொருந்தும். தெரிந்தெடுத்த ஒரு காலத்துக்குரியவற்றை மட்டும் வைத்தல் வேண்டும். கிடைக்காதது கிடைக்கும்வரை வெற்றிடம் வெற்றிடமாகவே இருத்தல் வேண்டும். பார்வையாளருக்கு வெற்றிடம் அழகாயிராது என்று கூறி, அளவில் ஒத்த வேறேதோ மானியைத் துளையிற் செருகிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதனால் விளையும் தீங்கு யாதெனில், பத்து ஆண்டுகளின் பின் அவ்விமானத்தைப் புகைப்படம் எடுப்பவர் அதனையே சான்றாகக் கொண்டு தம் விமானத்தையும் அவ்வாறே திருத்துவார். ஒரு பிழை இவ்விதம் பல பிழைகளைப் பெறும்.

சரியான நாளை நிறுவுவதற்கு உதவும் சான்றுகள் எவை? விமானிகளுக்கு வழங்கப்பட்ட குறிப்பு நூல் முதலாவது. விமான அமைச்சு ஒவ்வொரு வகை விமானத்துக்கும் அத்தகைய சிறு நூலை வெளியிட்டது. அதில் அறையின் படங்களும், ஒவ்வோர் ஆளிக்கும் இலக்கமும் விளக்கமும் உள. ஆனால் அந்நூலை மட்டும் நம்பலாகாது. அதிலுள்ள படம் பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்த விமானத்தைக் காட்டுவது. சேவையிலிருந்த விமானம் மாதந்தோறும் மாற்றங்களை ஏற்றது. அம்மாற்றங்களுக்கு இலக்கமிடப்பட்டிருந்தது, கருவிகள் பலவற்றில் ஒட்டப்பட்ட சிறு உலோகத் தகட்டில் அவ்விலக்கங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்க, மாற்றம் செய்யப்பட்டவுடன் உரிய இலக்கத்தை அடித்துக் குறித்தனர். எனவே அத்தகட்டை வாசிக்கத் தெரிந்தவருக்கு அக்கருவி எந்தக் காலத்தின் நிலையில் உள்ளது என்பது விளங்கும். விமானம் எந்த முகாமிலிருந்து எந்த முகாமுக்குச் சென்றது என்பதைக் காட்டும் படிவம் 78, அன்றாடப் பராமரிப்பைப் பதியும் படிவம் 700 ஆகியவை கிடைப்பின் பேருதவியாகும். படிவம் 700 கிடைப்பது அரிது.

கருவிகளின் முதுகில் அடிக்கப்பட்ட களஞ்சிய இலக்கங்களும் பேசவல்லன. பிரித்தானிய விமானப்படையில் 6ஏ என்று தொடங்கும் இலக்கம் பறத்தற் கருவிகளுக்கும், 5சி என்று தொடங்குவது மின்சார உறுப்புகளுக்கும் உரியது. முடியின்கீழ் விமான அமைச்சின் முதலெழுத்துகள் பொறித்த சின்னம் இருப்பின் அது 1964ஆம் ஆண்டுக்கு முற்பட்ட ஒழுங்கைச் சேர்ந்தது; ஏனெனில் அவ்வாண்டு ஏப்பிரல் முதலாந் திகதி அவ்வமைச்சு பாதுகாப்பு அமைச்சுடன் இணைந்து மறைந்தது. ஆனால் 1960களின் பிற்பகுதியிற் பறந்த விமானத்தில் பழைய சின்னமுள்ள மானி இருப்பது தவறென்று கருதிவிடக் கூடாது. களஞ்சியத்திலுள்ள பழைய சரக்கு தீரும்வரை அதையே வழங்குவது எல்லா அரசாங்கங்களுக்கும் பொதுவான வழக்கம்.

இவை யாவும் கைவிட்டாலும் அறையே சான்று கூறும். பலகையிலுள்ள துளைகளின் விட்டம், மறை பதிந்த அடையாளம், ஒரு பெட்டி நெடுநாள் மறைத்திருந்தமையால் வெளிறாமல் இருக்கும் வர்ணச் சதுரம், வெட்டப்பட்ட கம்பிகளின் முனைகளிலுள்ள இலக்கங்கள் ஆகியவற்றைப் பொறுமையுடன் வரைந்து வைத்தால், காணாமற் போன பொருளின் நிழலுரு தோன்றும். தேர்ந்தவர்கள் ஒரு திருகாணியையும் தொடுமுன் பல நூறு புகைப்படங்கள் எடுப்பர். கழற்றிய திருகாணியையும் எறியமாட்டார். அக்காலப் பிரித்தானிய விமானங்களில் தலையில் ஒற்றைப் பிளவுள்ள சிறு திருகாணிகளே பெரும்பாலும் பயன்பட்டன. இன்று கடையில் எளிதிற் கிடைக்கும் சிலுவைப் பிளவுத் திருகாணி ஒன்றை அவற்றிடையே இட்டால், அறிந்தவர் கண்ணுக்கு அது பளிச்செனத் தெரியும். கம்பிக் கற்றைகளும் அவ்வாறே. பிளாத்திக்குப் பட்டிகளால் இறுக்காமல், மெழுகூட்டிய நூலால் விரற்கடைக்கொரு முடிச்சாகக் கட்டுவதே அக்கால முறை. இதற்கு நேரம் செல்லும். ஆனால் ஒரு வாரப் பழக்கத்தில் எவரும் கற்கக்கூடிய வேலை.

இனி மானிகளுக்கு வருவோம். அவை கண்டபடி வைக்கப்பட்டவையல்ல. முகிலுக்குள்ளும் இருளிலும் வெளியே எதையும் காணாது பறப்பதற்கென, 1930களின் பிற்பகுதியில் பிரித்தானிய விமானப்படை ஆறு கருவிகளை ஒரே பலகையில் ஒரே ஒழுங்கில் அமைத்தது. மேல்வரிசையில் இடமிருந்து வலமாக வேகமானி, செயற்கை அடிவானம், ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் மானி. கீழ்வரிசையில் உயரமானி, திசைகாட்டும் சுழலி, திரும்புதலையும் சறுக்குதலையும் காட்டும் கருவி. ஒரு விமானத்திலிருந்து வேறொரு வகை விமானத்துக்கு மாறிச் செல்லும் விமானியின் கண் எதையும் தேடாது பழகிய இடத்துக்கே செல்லவேண்டும் என்பதே இதன் நோக்கம். ஒரு விநாடித் தேடல் உயிரைக் கொள்ளும் தொழிலல்லவா? ஆகவே இந்த ஆறில் இரண்டை இடம் மாற்றி வைத்த அறை, அழகிற் குறைவின்றித் தோன்றினும், பொருளற்றதாகிவிடும். எழுத்துகளை இடம் மாற்றி அச்சிட்ட சொல்லை ஒக்கும் அது.

இம்மானிகளின் முகங்களிலேதான் பேராபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. இருளில் ஒளிரும்பொருட்டு, அக்கால மானிகளின் இலக்கங்களுக்கும் முட்களுக்கும் இரேடியம் கலந்த மை தீட்டப்பட்டது. கியூரி தம்பதியர் 1898ஆம் ஆண்டிற் கண்டறிந்த அந்த மூலகம் இடைவிடாது கதிர்களை வீசுவது. அக்கதிர்கள் துத்தநாக சல்பைட்டுத் துகள்களைத் தாக்க, அவை பசுமையாக ஒளிரும். காலப்போக்கில் அத்துகள்கள் சிதைந்து ஒளி மங்கிவிடும். மை பழுத்து மண்ணிறமாகும். அதனைக் காண்பவர், ஒளி போய்விட்டது, ஆகவே வீரியமும் போய்விட்டது என்று எண்ணுவர். உண்மை நேர்மாறானது. இரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். 1950இல் தீட்டிய மையில் அன்றிருந்த வீரியத்தில் மிகச் சிறு பகுதியே இதுவரை குறைந்துள்ளது. முதலாம் உலகப் போர்க் காலத்திலிருந்து அமெரிக்காவின் நியூ ஜேர்சி முதலிய இடங்களிற் கடிகார முகங்களுக்கு இந்த மையைத் தீட்டிய இளம்பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டாற் கூராக்கியமையால் தாடையெலும்பு உக்கி இறந்த கதை உலகறிந்தது.

மூடிய மானியின் கண்ணாடிக்கு அப்பாலுள்ள மை, ஏணியில் ஏறிச் சிறிது நேரம் பார்ப்பவருக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. உடைந்த மானியும், திறந்த மானியும், உதிரும் மையுமே அஞ்சத்தக்கன. நுண்ணிய அத்தூள் மூச்சுடனோ உணவுடனோ உட்சென்றால் எலும்பிற் போய்த் தங்கும். மேலும் இரேடியத்திலிருந்து இரேடன் என்னும் வாயு பிறக்கின்றது. கவிகையை இறுக மூடிப் பல மாதம் வைத்திருந்த அறையில் அவ்வாயு தேங்கும். ஆதலின் உள்ளே இறங்குமுன் கவிகையைத் திறந்து காற்றோட விடுவது அவசியம். அனுபவமுள்ள நூதனசாலைகள் ஒவ்வொரு மானியையும் கதிரளக்கும் கருவியாற் சோதித்து, பட்டியலிட்டு, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுகின்றன.

இங்கே இரு நெறிகள் மோதுகின்றன. அசல் மானியை அகற்றி, தீங்கற்ற வர்ணத்தால் எழுதிய போலி முகத்தை வைத்தால் அறை பாதுகாப்பாகும். ஆனால் அசல் குறையும். அசலையே வைத்தால் சிறுவர்களை உள்ளே அமரவிட முடியாது. எது தக்கது? விமானியறையின் பயன் எதுவோ அதற்கேற்ப முடிவு செய்வதே அறிவுடைமை. பாடசாலைப் பிள்ளைகள் ஏறியமர்ந்து பழகும் அறைக்குப் போலி முகமே தகும். அதனை மறைக்காது சொல்லவும் வேண்டும். கண்ணாடித் தடுப்பின் பின்னால், ஆய்வுக்காகப் பேணப்படும் அரிய விமானத்தில் அசல் இருக்கலாம். எவ்வாறாயினும் வீட்டு மேசையில் வைத்து, மானியைத் திறந்து, பழைய மையைக் கத்தியாற் சுரண்டிப் புதிதாக எழுதும் ஆர்வலரின் செயலை எந்த நெறியாலும் நியாயப்படுத்த இயலாது. அதனால் அவர் மட்டுமன்றி அவர் வீட்டாரும் ஆபத்துக்குள்ளாவர்.

இரண்டாவது ஆபத்து ஆசனத்தின் கீழே உள்ளது. 1946ஆம் ஆண்டு யூலை 24ஆந் திகதி, பேர்னாட் லிஞ்ச் என்பவர் பறந்துகொண்டிருந்த மீற்றியோர் ஜெற் விமானத்திலிருந்து மாட்டின்-பேக்கர் ஆசனத்தின் மூலம் வெளியே எறியப்பட்டு நலமாகத் தரையிறங்கினார். அந்நிறுவனத்தின் ஆசனங்கள் அதன்பின் 7,000க்கும் மேற்பட்ட விமானிகளின் உயிரைக் காத்துள்ளன. தலைக்கு மேலுள்ள பிடியை இழுத்ததும் ஒரு திரை முகத்தை மூடிக் காக்கும். அதே இழுப்பில் வெடிமருந்துக் குழாய் பற்றி ஆசனத்தை உயரே தள்ளும். வெடிமருந்து இருக்கும்வரை அஃது ஆசனமன்று, பீரங்கி என்றே கொள்ளல் வேண்டும். 2011ஆம் ஆண்டு நவம்பரில், இங்கிலாந்தின் ஸ்கம்ப்டன் விமானத்தளத்தில் தரையில் நின்ற பயிற்சி விமானம் ஒன்றின் ஆசனம் எதிர்பாராது வெடித்தெழ, அனுபவம் மிக்க விமானி ஒருவர் உயிரிழந்தார். சேவையிலுள்ள, நாள்தோறும் பரிசோதிக்கப்படும் விமானத்திலேயே இவ்வாறு நேருமாயின், நாற்பது ஆண்டு தோட்டத்திற் கிடந்த விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பழைய விமானம் கைக்கு வந்ததும், வெடிமருந்து முற்றாக அகற்றப்பட்டதென்பதைத் தகுதி பெற்றவர் ஒருவர் எழுத்தில் உறுதிப்படுத்தும்வரை எவரும் அறைக்குட் கால் வைத்தலாகாது. செயலிழக்கச் செய்த ஆசனத்தில், கறுப்பும் மஞ்சளும் மாறி மாறி வரும் பிடியும், சிவப்புத் தலைகொண்ட காவல் ஊசிகளும் தத்தம் இடத்தில் இருக்கலாம். அவை புறத்தோற்றத்துக்கு மட்டுமே.

வர்ணம் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். போருக்குப் பிந்திய பிரித்தானிய அறைகளின் உட்புறம் பெரும்பாலும் மினுக்கமற்ற கறுப்பு. கருவிப் பெட்டிகள் சிலவற்றில், சுருங்கிய தோல்போற் சொரசொரப்பான கறுப்புப் பூச்சு இருக்கும். ஒளி பட்டுத் தெறித்து விமானியின் கண்ணைக் கூசச் செய்யாதிருப்பதற்கு இவ்வேற்பாடு. இரவிற் செவ்விளக்கைப் பயன்படுத்தியமைக்கும் காரணம் கண்ணே. இருளுக்குப் பழகிய கண்ணின் பார்வையைச் செந்நிற ஒளி அதிகம் குலைப்பதில்லை. புதுக்குவோர் பலர் இங்கே ஒரு தவறு செய்கின்றனர். கடையில் விற்கும் பளபளப்பான கறுப்பை எடுத்து அறை முழுவதையும் ஒரே சீராகப் பூசிவிடுகின்றனர். தேய்ந்த விளிம்பும், திருத்திய கீறலும், பின்னர் பூசிய திட்டும் அத்துடன் மறைந்து, புத்தம் புதிய தொழிற்சாலைப் பொருள்போல அறை தோன்றும்.

இதற்கு மாறான வழி உண்டென்பதை, இங்கிலாந்தின் யோவில்ற்றனிலுள்ள கடற்படை விமான நூதனசாலை காட்டியது. அங்கே 1944ஆம் ஆண்டைச் சேர்ந்த கோர்செயர் விமானம் ஒன்று, கே.டி. 431 என்னும் இலக்கமுடையது, 1960களில் காட்சிக்கெனப் பூசிய புது வர்ணத்துடன் நெடுங்காலம் நின்றது. இது சுழல்விசிறி விமானமே, ஜெற் விமானமன்று. எனினும் அங்கே கையாண்ட முறை எல்லா விமானங்களுக்கும் பொருந்தும். நூதனசாலையார் அதற்கு மூன்றாவது முறை வர்ணம் பூசவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், மேற்பூச்சை அங்குலம் அங்குலமாக உரித்தெடுத்தனர். அதன் கீழே போர்க்காலப் பூச்சும், தொழிலாளர் இட்ட குறிகளும் அப்படியே இருந்தன. இன்று அவ்விமானம் மங்கலாகவும் வடுக்களுடனும் நிற்கின்றது. அதனருகில் நிற்கும் பளபளப்பான விமானங்களைவிட அதனிடமே ஆராய்ச்சியாளர் அதிக நேரம் நிற்பதில் வியப்பில்லை.

பறக்கும் விமானங்களின் நிலை வேறு. இன்றைய வான்போக்குவரத்து விதிகளுக்கேற்பப் புதிய வானொலியும், தன்னை அடையாளம் காட்டும் கருவியும் இன்றிப் பழைய ஜெற் விமானம் வானில் ஏற முடியாது. ஆகவே பறப்பதற்கும் முற்றிலும் அசலாக இருப்பதற்கும் ஒருங்கே ஆசைப்படுவது வீண். விமானி ஒருவர் உயிரை ஒப்படைத்து ஏறும் அறையில் பழமைக்காகப் பழமையை வைத்தல் பொறுப்பின்மையாகும்.

ஒவ்வொரு நாட்டின் அறைக்கும் தனிக்குணம் உண்டு. சோவியத் ஒன்றியத்தின் மிக்-15 விமானத்தின் மானிப்பலகை நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக்கோடு தீட்டப்பட்டிருக்கும். அதன் பொருளறியாத புதுக்குநர் அதனை யாரோ வீணாகக் கீறியதென்று கருதி அழித்துவிடக்கூடும். விமானம் கட்டுக்கடங்காது சுழன்று விழும்போது, தலைசுற்றிய விமானி கட்டுப்பாட்டுத் தண்டை நேர் நடுவே தள்ளுவதற்கு அக்கோடே வழிகாட்டி. அதன் பின்வந்த மிக் விமானங்களிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. போலந்தில் உரிமம் பெற்றுக் கட்டிய மிக் விமானங்கள் வேறு நாடுகளின் சின்னத்தைப் பூண்டு மேலைநாட்டு நூதனசாலைகளில் நிற்பதும் உண்டு. வெளியே ஒரு நாட்டின் நட்சத்திரம் இருக்க, உள்ளே இன்னொரு நாட்டின் மொழியில் ஆளிகளின் பெயர்கள் இருக்கும். பெயர்த்தகடுகளை வாசிப்பவரை ஏமாற்ற முடியாது.

இலங்கைக்கும் இக்கேள்வி அந்நியமானதன்று. இலங்கை அரச விமானப்படையின் முதல் ஜெற் விமானங்கள், 1959ஆம் ஆண்டிலிருந்து வந்த பன்னிரண்டு ஜெற் புறொவோஸ்ற் விமானங்கள். வம்பயர் ரி.11ஐப் போலவே இதிலும் ஆசிரியரும் மாணவரும் பக்கம் பக்கமாக அமர்வர். பின்னர் அவை சேவையினின்று விலக்கி வைக்கப்பட்டிருந்தன. 1971ஆம் ஆண்டு ஏப்பிரல் கிளர்ச்சியின்போது அவை அவசரமாகத் திருத்தப்பட்டு, தாக்குதலுக்கெனத் திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து பறந்தன. அதே ஆண்டிற் சோவியத் ஒன்றியத்திலிருந்து மிக்-17 விமானங்கள் வந்தன. இவ்விரு வகைகளையும் இரத்மலானையிலுள்ள விமானப்படை நூதனசாலையிற் காணலாம். ஜெற் புறொவோஸ்ற் ஒன்றின் அறையை எந்நாளேனும் நுணுக்கமாக மீட்க முனைவோர், 1959இன் பயிற்சியறையையா அல்லது 1971 ஏப்பிரலின் போர் அறையையா காட்டுவது என்று தீர்மானிக்க நேரிடும். முன்னையதில் மாணவனின் கைபட்ட இடமும், பின்னையதில் ஆயுதம் ஏவும் ஆளியும் முதன்மை பெறும். இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, தெரிந்தெடுத்த காரணத்தையும் பார்வையாளருக்கு எழுதி வைத்தல் வேண்டும்.

புதிதாகச் செய்யப்பட்ட உறுப்புகளை என்ன செய்வது என்பது இறுதியாக எஞ்சும் விடயம். ஆளிகளின் பெயர்த்தகடுகள் இதற்கு நல்ல உதாரணம். வெள்ளையும் கறுப்புமான அடுக்குகளையுடைய கெட்டித் தகட்டில் மேலடுக்கைச் செதுக்கினால், கீழடுக்கின் நிறத்தில் எழுத்துத் தோன்றும். அன்று கையாண்ட அம்முறையிலேயே இன்றும் தகடு செய்யலாம். செய்தது அசலிலிருந்து வேறுபடாது என்பதுதான் இடையூறு. ஆகவே முறையறிந்தவர்கள் புதிய தகட்டின் முதுகில், பார்வைக்குத் தெரியாத இடத்தில், அது செய்யப்பட்ட ஆண்டைப் பொறித்துவிடுகின்றனர். அசல் உறுப்புகளுக்கும் புதியனவற்றுக்கும் தனித்தனிப் பட்டியல் எழுதி, ஒரு பிரதியை நூதனசாலைக் கோப்பிலும், மற்றொன்றை நீர் புகாத உறையிலிட்டு ஆசனத்தின் பின்புறத்திலும் வைப்பர். கோப்பு தொலைந்து, விமானமும் கைமாறிச் சென்றால், அடுத்து ஆசனத்தைக் கழற்றுபவரின் கைக்கு அவ்வுறை கிடைக்கும்.